ஜின்ஸா மணிக்கூண்டின் பேரப் பிள்ளைகள்

டோக்கியோவில் ஜின்ஸா நாற்சந்தியைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு. பட்டும் முத்துமாகக் கடைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால், வாசகிகளே, அந்தக் கடைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சற்றுத் தலையை நிமிர்த்துங்கள். மூலையில் வளைந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் உச்சியில் ஒரு மணிக்கூண்டு தெரிகிறதல்லவா? 1932-இல் எழும்பிய கட்டடம் அது. யுத்தத்தில் தப்பிப் பிழைத்து இன்றும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

அதைக் கட்டியது ஸெய்கோ கடிகாரக் கம்பெனி. அதன் ஸ்தாபகர் ஹத்தோரி கின்டாரோ, 1881-இல் சின்னஞ்சிறு கடிகாரக் கடையாக ஆரம்பித்தவர். 1923-ஆம் வருஷத்துப் பெரும் பூகம்பத்தில் அவருடைய தொழிற்சாலை எரிந்து சாம்பலாயிற்று. ஜனங்கள் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த சுமார் 1,500 கடிகாரங்களும் அதோடு போயின. ஹத்தோரி என்ன செய்தார், தெரியுமா? கொடுத்தவர்களுக்கெல்லாம் புதுக் கடிகாரம் தந்தார்!

அவர் காலத்துக்குப் பிறகு, 1960-இல், அந்தக் கம்பெனி 'கிராண்ட் ஸெய்கோ' என்ற கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மலைகளுக்கு நடுவே ஸூவா ஏரியை ஒட்டிய தொழிற்சாலையில் செய்தது. விலை 25,000 யென். பட்டம் பெற்று அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த வாலிபனுக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம்! டோக்கியோவில் இருந்த மற்றொரு தொழிற்சாலை சும்மா இருக்குமா? 1961-இல் 'கிங் ஸெய்கோ'வை வெளியிட்டது. ஒரே வீட்டு ஓரகத்திகள் போட்டி போட்டுக்கொண்டு சமைத்தால் சாப்பிடுகிறவர்களுக்குத்தானே யோகம்!

அந்த யோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1969 டிசம்பர் 25-ஆம் தேதி அதே கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. சாவியும் வேண்டாம், சுருள்வில்லும் வேண்டாம், பாட்டரி போதும். முதலில் 4,50,000 யென் விற்ற அந்த அதிசயம், சில வருஷங்களில் எல்லோருக்கும் எட்டும் பண்டமாயிற்று. 1970-களின் நடுவில் பழைய கிராண்ட் ஸெய்கோ நின்றே போயிற்று. 1988-இல் அந்தப் பெயர் மறுபடி தலையெடுத்தது உண்மை. ஆனாலும் சேகரிப்பவர்களின் மனம் அந்த முதல் தலைமுறையின் மேல்தான்.

அவற்றைத் தேட நகானோவுக்குப் போக வேண்டும். ஷின்ஜுகுவில் சூவோ துரித ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே அதுதான். கூரை போட்ட கடைத்தெரு வழியாக நடந்தால் 1966-இல் திறந்த 'நகானோ பிராட்வே' கட்டடம் வரும். பொம்மைக் கடைகளுக்கும் சித்திரக் கதைப் புத்தகக் கடைகளுக்கும் இடையே பழைய கடிகாரங்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும்.

கடிகாரத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 1960-களின் பிற்பாதியில் செய்ததானால் அதன் ஜாதகமே அங்கே இருக்கும். பொறித்த எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். '68' என்று தொடங்கினால் 1966 ஆகஸ்டில் பிறந்த குழந்தை. தாம் பிறந்த மாதத்துக் கடிகாரத்துக்காக அலைகிறவர்களும் உண்டு.

ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும். பளபளப்பைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். 1967-இல் வந்த ஒரு கிராண்ட் ஸெய்கோவின் அழகே, கண்ணாடி போன்ற பட்டைகளும் அவை சந்திக்கும் கூரான விளிம்புகளுந்தான். பின்னால் வந்த யாரோ ஒருவர், கீறலைப் போக்குவதாக எண்ணி மெருகு போட்டுவிடுகிறார். கீறல் போகிறது, கூடவே விளிம்பும் மழுங்கிப் போகிறது. அடிக்கடி மெருகு போட்ட வளையலில் பூ வேலை தேய்ந்துபோவதில்லையா? அதே கதைதான். போன உலோகம் திரும்பி வராது. முகப்புக்குப் புதுச் சாயம் பூசினாலும் மதிப்புக் குறைவுதான்.

ஆகவே, கீறலோடு கூடிய கூரான கடிகாரம் ஒன்றும், மினுமினுக்கும் மொண்ணைக் கடிகாரம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கீறல் விழுந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். அது யாரோ ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி, பத்திரமாகக் கட்டி உழைத்த கடிகாரம். வாங்குமுன், உள்ளே எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதிரி பாகங்கள் இப்போது எளிதில் அகப்படுவதில்லை. வாங்கிய பிறகு, தினமும் கொஞ்சம் சாவி கொடுங்கள். அறுபது வயது தாண்டியும் அது டிக் டிக்கென்று பேசும்!