கிளட்சா, பொத்தானா?

கானடா தேசத்துக் கியூபெக் மாகாணத்துக்கு நீங்கள் எப்போதாவது போனால், மாண்ட்ரீல் நகரத்துக் கடைவீதிகளோடு திருப்தியடைந்து திரும்பிவிடாதீர்கள். கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் வால்கூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பச்சைப் பசேலென்ற மேடுகள், மாட்டுப் பண்ணைகள், நடுவே மாதா கோயில். தெருமுனையில் "நில்" என்று சொல்லும் சிவப்புப் பலகைகூட "அரே" என்று பிரெஞ்சில்தான் சொல்லும்!

இந்த ஊரில் 1907-ல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்தியே. பதினைந்து வயதில், பழைய ஃபோர்டு எஞ்சினோடு விமானச் சுழலியைப் பொருத்திப் பனிமேல் ஓட்டிக் காட்டினார். அப்பா பயந்துபோய், "முதலில் இதைப் பிரித்துப் போடு!" என்றாராம். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் நோய் கண்டது. பாதையெங்கும் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் செய்த பனி வண்டிகள் டாக்டர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. அவருடைய பட்டறையை இன்றும் அங்குள்ள காட்சிசாலையில் பார்க்கலாம். அவர் ஆரம்பித்த கம்பெனியின் வழிவந்த கம்பெனிதான் 2007-ல் 'ஸ்பைடர்' என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வெளியிட்டது.

மூன்று சக்கரம் என்றதும் நம் ஊர் ஆட்டோ ரிக்ஷாவை நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. இதற்கு நேர்மாறு: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வளைவில் சாய வேண்டாம். நிற்கும்போது காலூன்ற வேண்டாம். வலது காலால் ஒரு பெடலை அழுத்தினால் மூன்று சக்கரத்துக்கும் பிரேக் விழும்.

நான் தங்கியிருந்த வீட்டுத் தம்பதிகள் அறுபதைத் தாண்டியவர்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிய ஜோடி. ஐயாவுக்கு இடது முழங்காலில் அறுவை நடந்த பிறகு, இரு சக்கர வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் தெம்பு இல்லை. ஆகையால் 2014-ஆம் ஆண்டு ஸ்பைடர் ஒன்றைப் பழைய விலையில் வாங்கத் தீர்மானித்தார்கள். அங்கேதான் வந்தது வழக்கு!

அந்த வருஷத்து 1330 சி.சி. வண்டியில் இரண்டு தினுசு உண்டு. இரண்டுக்கும் அதே எஞ்சின், ஆறு கியர், பின்னால் போக ரிவர்ஸ். ஒன்றில் இடது கையால் கிளட்சைப் பிடித்து, இடது காலால் கியர் மாற்ற வேண்டும். மற்றதில் கிளட்ச் பிடியே கிடையாது. இடது கைப்பிடி அருகில் ஒரு பொத்தான்: கட்டைவிரலால் தள்ளினால் கியர் ஏறும், ஆள்காட்டி விரலால் இழுத்தால் இறங்கும். வேகம் குறைந்தால் தானாகவே இறங்கிக்கொள்ளும். ஆனால் தானாக ஏறாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாதி யந்திரம், பாதி நாம்!

"கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா? விலையும் அதிகம்" என்றார் ஐயா.

அம்மாள் தன் இடது கையை மேஜைமேல் வைத்தாள். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. "ஜாம் புட்டியின் மூடியையே உங்களிடம் கொடுத்துத் திறக்கிறேன். கிளட்சை எத்தனை தடவை பிடிப்பேன்? முப்பது வருஷம் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாயிற்று. இனிமேல் பாதி வழி நான் ஓட்டுவேன். இல்லையென்றால் வண்டியே வேண்டாம்."

ஐயா பதில் பேசவில்லை.

மறுநாள் விற்பனைக்காரரிடம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஐயா கிளட்ச் வண்டியில் மேடு ஏறி இறங்கிச் சிரித்துக்கொண்டு வந்தார். "ஊர்ந்து போக வேண்டுமானால் கிளட்சுக்கு ஈடில்லை!" என்றார். உண்மைதான். ஆனால் இறங்கியதும் அவர் கை தன்னையறியாமல் இடது முழங்காலைத் தடவியதை நானும் கண்டேன், அம்மாளும் கண்டாள்.

பொத்தான் வண்டியில் அம்மாள் ஏறினாள். மேட்டில் நின்றபோது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி நழுவிப் பின்னால் வந்தது! எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதன் கிளட்ச் பிடியை விட்டுவிடும். ஆகவே சரிவில் பிரேக்கை விடவே கூடாது. அவள் கலங்கவில்லை. பெடலை மிதித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி புறப்பட்டாள்.

"அதையே எடுத்துக்கொள்ளலாம்" என்றார் ஐயா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மூன்று சக்கரத்துக்கென்று உள்ள லைசென்ஸ் அம்மாளிடம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கவசத்தோடு நான் பின் ஆசனத்தில் உட்கார்ந்தேன். ஐயா காரில் பின்தொடர்ந்தார். மகோக் ஊரைத் தாண்டினால் மெம்ஃப்ரமேகாக் ஏரி. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம், தென்கோடி அமெரிக்காவுக்குள் போய்விடும். அதன் மேற்குக் கரையில் 1912-ல் ஏற்பட்ட ஸாங் பெனுவா மடம். மடத்துப் பாலாடைக்கட்டி அங்கே பிரசித்தம். வழியெல்லாம் ஏற்றமும் இறக்கமுந்தான். ஒவ்வோர் ஏற்றத்திலும் 'டக், டக்' என்று அந்தக் கட்டைவிரல் வேலை செய்ததை நான் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மடத்து வாசலில் அம்மாள் இறங்கி, இடது கை விரல்களை ஒருமுறை விரித்து மூடினாள். "வலிக்கவில்லை" என்றாள். பிறகு, காரிலிருந்து மெதுவாக இறங்கிய கணவரிடம் சாவியை நீட்டினாள். "திரும்பும்போது நீங்கள். பாதிப் பாதி என்றுதானே பேச்சு?"

எந்தக் கியர் நல்லது என்று உங்களை யாராவது கேட்டால், யந்திரத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். ஓட்டப் போகிறவரின் கையையும் காலையும் முதலில் விசாரியுங்கள். கிளட்சைப் பிடிக்க வலுவும் ஆசையும் இருந்தால் கிளட்ச். இல்லையென்றால் பொத்தான், சரிவில் மட்டும் பிரேக்கில் கால் இருக்கட்டும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டப் போகிறீர்களா? அப்படியானால் இருவரில் யாருக்குச் சிரமமோ அவரைக் கேட்டு வாங்குங்கள்.