மூச்சு வாங்குது பாஸ்!

செமினார் எடுக்கச் சொன்னால், கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி இன்னொரு பெஞ்ச் இருக்கானு தேடுற ஆளா நீங்க? கை கொடுங்க, நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி!

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. வேலை பார்க்கிறது ஓசூர்ல ஒரு ஃபேக்டரி. குவாலிட்டி டிபார்ட்மென்ட். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பேன். நடுவில் எழுந்தால் அது கேன்டீன் போண்டாவுக்காக மட்டும். இன்ஜினீயரிங் சேரும்போது வாங்கின பெல்ட்டில் இப்போ ஓட்டை போட இடமில்லை. அதெல்லாம் கூடப் பரவாயில்லைங்க. திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்னு ஒண்ணு இருக்கே, அதான் பிரச்னை.

ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்றேன். நாங்க அனுப்பின பார்ட் ஒரு லாட் முழுக்க கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வந்துடுச்சு. துளை சின்னதா இருக்கு, ஷாஃப்ட் உள்ளே போகலைனு புகார். மெஷின் ஓட்டினது நைட் ஷிஃப்ட்ல ஒரு கான்ட்ராக்ட் அண்ணன். அவர் ரெண்டு நாள் முன்னாடியே என்கிட்ட, "சார், இந்த பிளக் கேஜ் லூசா போகுது, ஒருதடவை பாருங்க"னு சொல்லியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கேஜ் தேய்ஞ்சுதான் இருந்தது. தேய்ஞ்ச கேஜ் சின்னத் துளையிலும் சுலபமா நுழைஞ்சுடும், 'ஓகே'னு பொய் சொல்லும். ஆக, தப்பு கேஜ் மேல. கையில் அளவு எடுத்த பேப்பர்கூட இருந்தது.

மீட்டிங்கில், "என்னப்பா காரணம்?"னு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். எழுந்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கிச்சு. பன்னிரண்டு பேர் பார்க்கிறாங்க. "சார்... அது வந்து..." அவ்வளவுதான் வந்தது. யாரோ ஒருத்தர், "ஆபரேட்டர் கவனிக்கலை சார்" என்றார். நான் உட்கார்ந்துட்டேன். அந்த அண்ணனுக்கு மூணு நாள் வேலை இல்லை. அதாவது மூணு நாள் சம்பளம் இல்லை. பேப்பர் என் பாக்கெட்டிலேயே இருந்தது.

அந்த வார லீவுல ஊருக்குக் கிளம்பினேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பாரப்பட்டி பஸ் நகர ஆரம்பிச்சுடுச்சு. ஓடினேன். அம்பது அடிதான் இருக்கும், ஏறிட்டேன். கண்டக்டர் "எங்கே?"னு கேட்டா பதில் சொல்ல முடியலை! வாய் காய்ஞ்சு, நெஞ்சு படபடனு அடிச்சு, குரலே இல்லை. அப்போதான் பொறி தட்டிச்சு. திங்கட்கிழமை மீட்டிங்கில் எனக்கு இருந்ததும் அச்சு அசல் இதே உடம்புதான்.

வீட்டு வாசல்லேயே பாட்டி பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன கண்ணு, பொழுதுக்கும் உக்காந்தே கெடக்கியா? களி உருண்டை மாதிரி ஆயிட்ட!"

சாயந்திரம் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் பக்கம் நடந்தேன். ஸ்கூல் படிக்கும்போது அவரைப் பத்திப் பேச்சுப்போட்டியில் ரெண்டாவது பரிசு வாங்கினவன் நான். தமிழ் வாத்தியார் எழுதிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பிச்சேன்! சிவா பிறந்தது 1884, அக்டோபர் 4, வத்தலகுண்டு. இறந்தது 1925, ஜூலை 23, இதே பாப்பாரப்பட்டி. இப்பவும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். ஆனா அன்னிக்குத்தான் அவர் என்ன பண்ணினார்னு நிஜமாவே யோசிச்சேன்.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. கூலி உயர்வு வேணும், வாரத்தில் ஒருநாள் லீவு வேணும்னு கேட்டாங்க. (நான் பஸ் பிடிச்சு ஊருக்கு வந்த லீவு ஒண்ணும் சும்மா வந்ததில்லை போல!) அவங்களுக்காக வ.உ.சி.யும் சிவாவும் கூட்டம் கூட்டமாப் பேசினாங்க. மைக் கிடையாது. வெறும் தொண்டை. மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ம் தேதி ரெண்டு பேரும் கைது. பேசினதுக்காக சிவாவுக்குப் பத்து வருஷ தண்டனை கொடுத்தாங்க. அப்பீலில் அது ஆறாச்சு. 1912-ல் வெளியே வரும்போது உடம்பில் தொழுநோய். அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாதுனு தடை. மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? நடந்தார். ஊர் ஊராப் புண்ணோட நடந்துபோய்ப் பேசினார். எங்க ஊரில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்டணும்னு கனவு கண்டு, 1923-ல் சித்தரஞ்சன் தாஸைக் கூட்டிவந்து அடிக்கல் நாட்ட வெச்சார். சாகும்போது வயசு நாற்பதுதான். நானோ ஏசி ரூம்ல பன்னிரண்டு பேர் முன்னாடி, கையில் ஆதாரத்தோட...

சரி, புலம்பல் போதும். நான் பண்ணினது ரொம்ப சிம்பிள். தினமும் காலையில் அரைமணி நேர நடை. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 'மிதம்'னா எவ்வளவு? டாக்டர்கள் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நடை சரியானு பேச்சை வெச்சே சொல்லிடலாம். நான் என்ன பேசினேன்? அந்த கேஜ் ரிப்போர்ட்டைத்தான்! முதல் நாள் ஏரிக்கரையில், "சார், துளை சின்னதாக..." என்று ஆரம்பிச்சதும் எதிரே வந்த மாமா ஒதுங்கிப் போனார். மூணு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வாக்கியம் முழுசா வந்தது. பயந்தால் மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்னுடும், குரலுக்குக் காத்து போதாது. மெதுவா, நீளமா வெளியே விட்டால் படபடப்பும் குறையும். மேடைப் பேச்சுக்குப் புத்தகம் வாங்கினேன், யூடியூப் பார்த்தேன். எதுவும் இந்த அளவு உதவலை.

மறுபடி ஒரு திங்கட்கிழமை. "பழைய விஷயம் ஒண்ணு சொல்லணும் சார்" என்று நானே எழுந்தேன். கை நடுங்கிச்சு, பேப்பரும் சேர்ந்து நடுங்கிச்சு. ஆனா குரல் வந்தது. சினிமா மாதிரி யாரும் கைதட்டலை. ஒருத்தர் முறைச்சார். பெரியவர் பேப்பரை வாங்கி ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, லைன்ல இருக்கிற எல்லா கேஜையும் காலிபரேஷனுக்கு அனுப்பச் சொன்னார்.

அன்னிக்கு நைட் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது அந்த அண்ணன்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். டீயை ஊதிக்கிட்டே கேட்டார். "அப்பவே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். கோபமாகூடச் சொல்லலை. அதான் ரொம்ப வலிச்சது. அப்புறம், "அந்த மூணு நாள் சம்பளம் வருமா?" என்றார்.

இன்னும் வரலை. வர்ற திங்கட்கிழமை ரிவ்யூவில் நான் பேசப்போறது அதைத்தான். ஹெச்.ஆர். மேடமும் வர்றாங்களாம். இப்பவே வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. நாளைக்குக் காலையில் ஏரியை ரெண்டு சுத்து கூடுதலாச் சுத்தணும்.