இழுத்துவிடலாம்... நிறுத்த முடியுமா?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். பிரெஞ்சு ஆட்சியில் இங்கு திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. எத்தனை கைகள் இழுத்தாலும், தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர்தான்.

தெற்கே பாகூர் பக்கம் கரும்புப் பருவத்தில் டிராக்டர்கள் பாரம் ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துப் போகும். வேகம் குறைவு என்பதால் சமாளித்துவிடும். ஆனால், குடும்பக் காரின் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு பாகூர் ஏரிக்குக் கிளம்பலாமா?

முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். இழுவை எடை இவ்வளவு என்று அதில் இல்லையென்றால், ஆசையை விட்டுவிடுங்கள். இருந்தால், தண்ணீர், சிலிண்டர், சாமான் எல்லாம் ஏற்றி, டிரெய்லரை எடைமேடையில் நிறுத்துங்கள். காலி எடையை நம்ப வேண்டாம். பின்பக்கம் பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும். காரையும் சேர்த்து ஆட்டும். கனமான சாமான்களை அச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு அவசியம்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். வளைவில் ஆடு, மாடு குறுக்கே வரும் கிராமச் சாலையில் அவ்வளவு தூரம் கிடைக்காது. அதனால், டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முட்டுக்கட்டை தயாரான பிறகுதான் வடம் பிடிக்க வேண்டும். பின் சீட்டில் இருப்பது பிள்ளைகள்!