பக்கத்து வீட்டு ஸ்பிட்ஃபயர்

அக்டோபர் 27

பக்கத்து வீட்டுப் பெரியவரை நேற்றிரவு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் என்றார் அவர் மனைவி. வலக்கை அசையவில்லை, பேச்சு வரவில்லை.

காரேஜ் விளக்கு விடியும்வரை எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனேன். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் முன்மூடி மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறந்து கிடந்தது. ஒயரிங் பாதி பழசு, பாதி புதுசு. எந்த ஒயரிலும் அடையாளச் சீட்டு கிடையாது. எது எங்கே போகும் என்பதைத் தலைக்குள் மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

எழுதி வைக்காவிட்டால் இந்த நாட்கள் கைநழுவிப் போய்விடும் என்று தோன்றுகிறது.

நவம்பர் 3

"நோ" என்ற ஒரே சொல்தான் வருகிறதாம். ஆமாம் என்பதற்கும் அதேதான்.

நவம்பர் 22

வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காரேஜ் கதவையே பார்க்கிறார். "நீ எலக்ட்ரிக்கல் படித்தவள்தானே, அதை முடித்துத் தர முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டார். நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். கார் ஒயரிங்கில் கை வைத்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

1966ஆம் வருட வண்டி, மார்க் 2, 1147 சிசி. இதே கோவென்ட்ரியில், கான்லி தொழிற்சாலையில் செய்தது. பெரியவரும் அங்கேதான் வேலை பார்த்தார். 1980இல் அங்கே கார் செய்வது நின்றபோது அவருக்கு முப்பத்தைந்து வயது.

நவம்பர் 24

சென்னைக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா?"

"பாசிட்டிவ்ப்பா."

"அப்போ அறுபத்தேழுக்கு முந்தின வண்டி. பேட்டரியை மாத்திப் போட்டுடாதம்மா."

அப்பா வண்டலூர் ஸ்டாண்டர்ட் கம்பெனியில் ஒயரிங் பகுதியில் இருந்தவர். அங்கே 1961 முதல் ஹெரால்ட் கார் செய்தார்கள். கான்லியில் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தையே எடுத்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருந்த 91.5 அங்குலத்தை 83 ஆகக் குறுக்கி, ஹெரால்டை வரைந்த இத்தாலியர் மிக்கெலொட்டியிடமே மேலுடலையும் வரையச் சொல்லி, 1962இல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் ஒயர்களில் லூகாஸ் கம்பெனியின் நிறங்கள்தான்.

"பிரவுன் பேட்டரிலேர்ந்து நேரா வரும், சாவி போடாட்டியும் கரண்ட் இருக்கும். ஒயிட், சாவி போட்டா வரும். பிளாக் எர்த். கிரீன்ல சிவப்புக் கோடு லெஃப்ட் இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு ரைட், ஊதாக் கோடு பிரேக் லைட். புளூல சிவப்பு டிம், புளூல வெள்ளை பிரைட்." நிறுத்தாமல் சொன்னார். நேற்று மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டால் யோசிக்கிற மனிதர்.

டிசம்பர் 6

இந்த வண்டியில் ஃப்யூஸே இல்லை. நம்ப முடியாமல் ஒயரிங் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்கள் அப்படித்தானாம். பிரவுன் ஒயர் எங்காவது தகட்டில் உராய்ந்து தோல் உரிந்தால் தடுக்க எதுவும் கிடையாது. ஒயரே பழுத்துச் சிவந்து, பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும். பழைய ஒயர்க் கட்டின் நூல் உறை தொட்டாலே உதிர்கிறது.

பெரியவரைக் கம்பளி போர்த்தி காரேஜில் உட்கார வைத்திருந்தோம். புதிதாக வைக்க நினைத்த ஃப்யூஸ் பெட்டியைக் காட்டினேன். "நோ." எந்த நோ? முகத்தைப் பார்த்தால் மறுப்புதான். தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் அவருக்கு. எனக்கோ இதில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இந்த வண்டியில் அவர் மனைவியும் உட்காருவார்.

பழைய கட்டில் கருகியிருந்த ஒரு துண்டை வெட்டி அவர் இடக்கையில் வைத்தேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழ முயன்றார். பிடித்துக்கொண்டோம். டாஷ்போர்டுக்கு அடியில், வெளியே தெரியாத ஒரு மூலையில் விரலை வைத்தார். அங்கே வை என்கிறார்.

இரவு அப்பாவிடம் சொன்னபோது, "லைட்டு, ஹார்னுக்குப் போடு. இக்னிஷனுக்கு வேண்டாம், ஓடுற வண்டி நடுரோட்டுல நின்னுடும்" என்றார்.

டிசம்பர் 25

காரேஜில் தண்ணீர் உறைந்திருக்கிறது. யாரும் போகவில்லை.

ஜனவரி 11

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்திருந்தபோது நானும் இருந்தேன். படம் போட்ட அட்டைகள். கோப்பை, சாவி, நாய். "இது என்ன?" என்று மிகவும் பொறுமையாகக் கேட்டார். பெரியவருக்குத் தெரிகிறது. கோப்பையைக் காட்டினால் மேஜையில் இருந்த கோப்பையைத் தொடுகிறார். சொல்தான் வரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. நான்காவது அட்டைக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பெண் செய்ததில் ஒரு குறையும் கிடையாது.

ஜனவரி 18

இடது ஹெட்லைட் எரியவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. பல்பும் நல்ல பல்பு. மாட்டினால் இருட்டு. மத்தியானம் முழுக்க இதிலேயே போயிற்று.

அப்பாவைக் கூப்பிட்டேன். சிரித்தார். "சும்மா இருக்கும்போது அளந்தா எல்லாம் சரியாத்தாம்மா காட்டும். வேலை செய்யும்போது அளந்து பாரு."

பல்பை மாட்டி, எரியவிட்டபடியே அளந்தேன். 12 வோல்ட் 5க்கும் கீழே இறங்கியது. மீதி எங்கே போகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடிக்கொண்டே போனேன். ரேடியேட்டருக்கு முன்னால், முன்மூடிக்குள் ஒயர் ஏறுகிற இடத்தில் வரிசையாகப் புல்லட் கனெக்டர்கள் உண்டு. மழையும் சேறும் நேராக அடிக்கிற இடம். ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. சின்னக் கரண்ட்டை அது விட்டுவிடுகிறது. மீட்டருக்கு அது போதும். பல்பு கேட்கிற கரண்ட்டை விடுவதில்லை. எர்த் ஒயரின் முனையிலும் அதே களிம்பு. எமரித் தாளால் தேய்த்து, புது புல்லட் வைத்து, வாஸ்லின் தடவி மாட்டினேன். எரிந்தது. பெரியவர் இடக்கையால் தொடையில் தட்டினார்.

ஜனவரி 19

இனி அவரிடம் "இது என்ன?" என்று கேட்பதில்லை.

பிப்ரவரி 8

இன்று கண்ணாடி கழுவும் வாஷர். நாற்பது வயதைத் தாண்டிய வண்டி, வருடச் சோதனை கிடையாது. ஆனாலும் வைப்பரும் வாஷரும் வேலை செய்யாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்பது சட்டம். இதில் மோட்டார் இல்லை. டாஷ்போர்டில் ஒரு குமிழ். கையால் அழுத்தினால் தண்ணீர் கண்ணாடிக்குப் போகும்; விட்டால் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளி, பாட்டிலிலிருந்து அடுத்த மடக்கை இழுக்கும். குழாயின் அடிமுனையில் ஒருவழி வால்வு. அது பழுதானால் இழுத்த தண்ணீர் பாட்டிலுக்கே திரும்பி, அழுத்துகிற போதெல்லாம் காற்றுதான் வரும். அந்த வால்வு ஒட்டிப்போயிருந்தது. மாற்றினேன். கல்லாகிப் போன குழாயையும் மாற்றினேன். ஜெட்டுகளை வினிகரில் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் துளையைக் குத்திவிட்டேன்.

அழுத்துவதற்கு ஆள் வேண்டும். நான் வெளியே ஜெட் பக்கம் நிற்க, அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். தாழ்வான சீட், மூன்று பேர் சேர்ந்து இறக்க வேண்டியிருந்தது. இடக்கையை எடுத்துக் குமிழில் வைத்தார் அவர் மனைவி.

அழுத்தினார். காற்று. மறுபடியும் காற்று. குழாயில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது எனக்குத் தெரிந்தது. "விடாதீங்க" என்று தமிழில் கத்தியிருக்கிறேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒன். டூ. த்ரீ." ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓர் எண். "ஃபோர். ஃபைவ்." அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். "சிக்ஸ்" என்றபோது இரண்டு ஜெட்டும் பீறிட்டு, கண்ணாடியைத் தாண்டி என் முகத்தில் அடித்தது. "ப்ளடி ஹெல்" என்றார் பெரியவர், சுத்தமாக, முழுசாக.

அந்த அம்மா அழுதார். நானும் அழுதேன்.

பிப்ரவரி 9

காலையில் போய்ப் பார்த்தேன். "நோ." அவ்வளவுதான்.

பிப்ரவரி 13

எண்ணுவது, திட்டுவது, பாடுவதெல்லாம் பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் தானாக வருமாம். அதை வைத்து நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம், வேண்டாம் என்றும் தள்ள வேண்டாம் என்றார் பயிற்சி தருகிற பெண். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது?

பிப்ரவரி 23

அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுப் பெரியவருக்குக் காட்டினேன். அப்பா சட்டை மாற்றி, திருநீறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "குட் மார்னிங் சார். ஸ்டாண்டர்ட் மோட்டார், மெட்ராஸ்" என்றார். பெரியவர் தலையசைத்தார். அதற்குமேல் அப்பாவுக்கும் இங்கிலீஷ் ஓடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் போனை டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனேன். அப்பா முகம் மாறியது. "பிரவுன்... ஒயிட்... அந்தக் கட்டைப் பிரிச்சுக் காட்டும்மா." பெரியவர் இடக்கையால் பிரித்துப் பிடித்தார். ஓர் இடத்தில் அப்பா "நோ, நோ" என்றார். பெரியவரும் "நோ" என்றார். நான் செருகியிருந்த கிரீன்-ஊதா ஒயரைப் பிடுங்கி அடுத்த முனையில் வைத்தார். அப்பா, "கரெக்ட்" என்றார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. நான் போன் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வைத்தபிறகு அப்பா திரும்பக் கூப்பிட்டார். "நல்ல கைம்மா அவருக்கு" என்றார்.

மார்ச் 8

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. டைனமோ சார்ஜ் ஆகிறது. லெஃப்ட் இண்டிகேட்டர்தான் விட்டுவிட்டு எரியாமல் நின்று எரிகிறது. பின்பக்க பல்பு கரண்ட் எடுக்கவில்லை, எர்த்தாகத்தான் இருக்கும். வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

அந்த அம்மா இன்று வேறொரு விஷயம் சொன்னார். படிக்கட்டு இல்லாத வீடாகப் பார்க்கச் சொல்கிறார்களாம் பிள்ளைகள். அங்கே காரேஜ் இருக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை. பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பயிற்சி தருகிற பெண்ணிடம், அடுத்த முறை அட்டைகளை வைத்துவிட்டுக் காரேஜுக்கு வர முடியுமா, அவர் வேலை செய்யும்போது கூட இருந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை. நாளை சாயங்காலம் வைப்பர் மோட்டாரைத் திறக்க வேண்டும்.