கச்சான் எழும்பும்வரை

மார்ச் 6

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஜனவரியில் நான் சிலாவத்துறைக்கு மாற்றலாகி வந்தபோதே கடற்கரையில் மீனவர் வாடிகள் நிரம்பிவிட்டிருந்தன. கிடுகு, தகரம், நீலத் தறப்பாள். பெரும்பாலும் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் குடும்பங்கள். வாடைக் காலத்தில் இந்த மேற்குக் கரை அமைதியாகக் கிடக்கும். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இங்கே தொழில். கச்சான் காற்று எழும்பிக் கடல் கலங்கினால் சிலர் ஊர் திரும்புவார்கள், சிலர் முல்லைத்தீவுப் பக்கம் போவார்கள்.

பிள்ளை ஒழுங்கை முனையில் மூன்று வெறுங் கேன்களுக்கு நடுவே குந்தியிருந்தான். தாய் கருவாட்டுப் பாயில் மீனைப் புரட்டியபடியே சொன்னாள்: "தண்ணி பவுசர் எப்ப வரும்னு தெரியாது டீச்சர். அவங்க அப்பா கடல்ல. நான் இதை விட்டா காகம் கொண்டுபோயிரும். இவன்தான் நிக்கணும்."

மார்ச் 7

வந்தான். மூன்றாம் பாடத்துக்கு.

மார்ச் 14

அரிப்புவரை போய் அல்லிராணிக் கோட்டையைப் பார்த்தேன். ஊர் அப்படிச் சொன்னாலும் அது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. கடல் கரையை அரித்து அரித்துப் பாதிக் கட்டடம் கீழே போய்விட்டது. மிச்சச் சுவர்களில் செங்கல் பல் தெரிகிறது.

இதற்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு நாற்பதினாயிரம் பேர் கொண்ட பட்டணம் ஒன்று சில வாரங்களில் எழுந்தது. வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் கடல் தெளிந்திருக்கும் இரண்டு மாதந்தான் அதன் ஆயுள். அரபிக் குளியாட்கள் மூக்குக்குக் கவ்வி போட்டு இறங்குவார்கள். தமிழரும் சோனகரும் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லோடு போவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் பலர் இறங்கவே மாட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்த படகுகள் அன்று பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். சிப்பி முழுவதும் கொட்டு எனும் வேலி அடைப்புக்குள் போகும். அங்கே மூன்று பங்கு: இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவனுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

மறு வருடம் அங்கே கடமைக்கு வந்த இருபத்தைந்து வயது பிரித்தானிய அதிகாரி லெனார்ட் வுல்ஃப் பின்னர் தன் நினைவுக் குறிப்பில் அந்த நாட்களை எழுதினார். முத்து எடுக்கச் சிப்பியை அழுக விடவேண்டும். அந்த நாற்றத்திலும் இலையான் மொய்ப்பிலும்தான் முழுப் பட்டணமும் உண்டு உறங்கியது.

மார்ச் 15

நித்திரை வரவில்லை. அந்தப் பட்டணத்துக்கு மருத்துவமனை இருந்தது. நீதிமன்றம், சிறை, தபால் தந்தி நிலையம், தெரு விளக்கு, நன்னீர்த் தேக்கம், எல்லாம் இருந்தன. குளியாள் மேல் இரக்கப்பட்டு யாரும் கட்டவில்லை. வாந்திபேதி வந்தால் வருமானம் போய்விடும் என்ற பயம். ஆனாலும் கட்டினார்கள். இரண்டு மாத ஊர்தானே என்று விட்டுவிடவில்லை.

இங்கே வாடிகளுக்குத் தண்ணீரும் கழிவறையும் வேண்டும் என்று சொன்னபோது, "ஆறு மாசத்தில போறவங்களுக்கு என்னத்துக்கு பிள்ளை?" என்று படகுச் சொந்தக்காரரான இவ்வூர்ச் சம்மாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. யுத்தம் முடிந்து படகும் வலையும் இல்லாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் இந்தக் கரை மக்கள். வெளிப் படகுகள் வந்து நிறைவதை அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? யார் எத்தனை படகோடு வரலாம் என்பதை இரு தரப்புச் சங்கங்களையும் உட்காரவைத்துத் தீர்க்கவேண்டும். அதற்காகப் பிள்ளையின் தண்ணீரை நிறுத்திவைப்பது தகாது.

ஏப்ரல் 9

வாடிகள் பாதி காலி. உயிர்த்த ஞாயிறுக்கு ஊர் போய்விட்டார்கள். வகுப்பிலும் ஆறு இடம் காலி.

மே 4

கச்சான் எழும்பிவிட்டது. பலகை, தகரம், எஞ்சின், கோழிக்கூடு, அந்தோனியார் படம் எல்லாம் லொறியில் ஏறின. பையன் கொப்பிகளைத் திருப்பித் தர வந்தான். நீயே வைத்துக்கொள் என்றேன். அடுத்த பள்ளி எதுவென்று அவனுக்கும் தெரியாது.

கரையில் இப்போது கம்பு நட்ட குழிகள்தான். மரிச்சுக்கட்டியும் இப்படித்தான் காலியானது. 1906இல் அரசு இந்தக் கடலின் முத்துப் பார்களை ஒரு கம்பனிக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி விளையவில்லை, கம்பனி கலைந்தது. அடுத்த முத்துக்குளிப்பு 1925இல்தான். அதுவரை மரிச்சுக்கட்டிப் பட்டணத்துக்கு ஆட்கள் திரும்பவில்லை. வாடிக்காரர் அப்படியல்ல. ஒக்டோபரில் இதே குழிகளில் கம்பு நடுவார்கள்.

மேசையில் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தண்ணீர்த் தாங்கி, எட்டுக் கழிவறை, ஊர் மாறும் பிள்ளைக்குப் பள்ளி மாற ஒரே ஒரு கடிதம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மன்னாரில் இதை வாசிக்கிறவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.