பெஞ்சின் மேல் வைத்த கை

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் துணையாக நிற்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் முதலில் பையைத்தான் காட்டுவேன். சட்டப் புத்தகம் அப்புறம். ராத்திரி எந்நேரமும் போன் வரும். வந்த உடனே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்படி அது கதவோரம் தொங்க வேண்டும். இரண்டு நைட்டி, அதில் ஒன்று பெரிய அளவு. ஒரு சுடிதார் செட். உள்ளாடை, நாப்கின், துண்டு, சீப்பு, ஹேர்பேண்டு, ரப்பர் செருப்பு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், செல் சார்ஜர், பிரவுன் பேப்பர் கவர்.

உடுத்தியிருந்த துணி தடயமாகப் போய்விடும். பரிசோதனை முடிந்து ஜி.எச்.சை விட்டு வெளியே வரும் பெண் எதை உடுத்துவாள் என்று போலீஸ் கொடுக்கும் மெமோவில் எழுதியிருக்காது. ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேப்பர் கவர் எதற்கு என்றால், சில பெண்கள் வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டு, பழைய துணியை கேரி பேக்கில் சுருட்டி எடுத்து வருவார்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் கோத்துத் தடயம் கெட்டுப்போகும். துணியை நீங்கள் தொடக் கூடாது. கவரை அவர் கையில் கொடுங்கள், அவரே போட்டுக்கொள்ளட்டும். குளித்துவிட்டு வந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். குளிக்காமல் இருக்க யாரால் முடியும்?

இந்தப் பையை எனக்குக் கட்டிக் காட்டியவர் பிரசவ வார்டில் ஸ்டாப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் சிஸ்டரம்மா என்போம். நான் மாதர் சங்க வேலையிலிருந்து வந்தவள். குரலை உயர்த்திப் பேசிப் பழகியவள். பிறகு மாவட்டத்துக்கு ஒருங்கிணைந்த சேவை மையம் வந்து, நான் அதில் சேர்ந்தபோதும், கற்றதெல்லாம் சிஸ்டரம்மாவின் பின்னால் நடந்து கற்றதுதான். அவர் பயிற்சி வகுப்பு எதுவும் எடுத்ததில்லை. நாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அழுகிற பெண்ணைக் கண்டால் நமக்குத் தோளில் கைபோடத் தோன்றும், கட்டிக்கொள்ளத் தோன்றும். சிஸ்டரம்மா ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. காத்திருப்பு பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்காருவார். எதிரில் உட்கார மாட்டார். எதிரில் உட்காருவது விசாரிக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் நடுவே, பெஞ்சின் மேல், உள்ளங்கை மேலே தெரியும்படி கையை வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார். சில பெண்கள் பத்து நிமிஷத்தில் அந்தக் கையைப் பிடிப்பார்கள். சிலர் கடைசிவரை பிடிக்கவே மாட்டார்கள். இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். புதிதாக வந்த ஒரு பெண் ஒருநாள் பாசத்தில் தலையைத் தடவப்போக, அந்தச் சிறுமி சுவரோரம் ஒடுங்கிவிட்டாள். சிஸ்டரம்மா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பஸ்சில் திரும்பும்போது, “கேட்காம தொட்டவன்கிட்ட இருந்து இப்பத்தான் வந்திருக்கு அந்தப் புள்ள” என்று மட்டும் சொன்னார்.

பதினாறு வயசுப் பெண்ணையும் அவர் ‘நீங்க’ என்பார். ஸ்டேஷனில், வார்டில், வீட்டில் எல்லோரும் ‘நீ’, ‘ஏம்மா’, ‘ஏய்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, ஒரு வாய் மட்டும் ‘நீங்க’ என்றால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதை நீங்களே கவனிக்கலாம்.

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மகளிர் ஸ்டேஷன் ரைட்டர் கேட்பார், இன்ஸ்பெக்டர் கேட்பார், டியூட்டி டாக்டர் கேட்பார், மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்குவார், பின்னொரு நாள் கோர்ட்டில் இரண்டு தரப்பும் கேட்கும். (2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாறி அந்த வாக்குமூலம் 183-ஆவது பிரிவுக்குப் போய்விட்டாலும், எங்கள் வாயில் இன்னும் அது பழைய பிரிவு எண்படி ‘ஒன் சிக்ஸ்டி ஃபோர்’தான்.) இத்தனை பேருக்குச் சொல்லப்போகிறவரிடம் நாமும் கேட்டு என்ன ஆகப்போகிறது? நாம் கேட்க வேண்டியவை வேறு. டீயா காபியா? ஜன்னல் பக்கமா உள்பக்கமா? கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா? வீட்டில் யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது? விளையாட்டுக் கேள்விகள்போலத் தோன்றும். ஆனால் தன் விருப்பம் என்று ஒன்று செல்லாமல் போன இடத்திலிருந்து வருகிறவரிடம், அது செல்லும் என்பதைக் காபி டம்ளரிலிருந்துதான் ஆரம்பிக்க முடிகிறது. எஃப்.ஐ.ஆர். போடுவதா வேண்டாமா என்ற பெரிய கேள்விக்கு அப்புறம் வரலாம். “நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதே” என்ற வாக்கியத்தை வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மணிக்கணக்கு மட்டும் விரல் நுனியில் இருக்க வேண்டும். கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உடல் தடயம் 96 மணி நேரம்வரை எடுக்கலாம். எந்த ஆஸ்பத்திரியானாலும், தனியாரே ஆனாலும், இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் குற்றம். தடயப் பரிசோதனை வேண்டாம் என்று அவர் சொன்னாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இலேயே கண்டித்தது. செய்தால் நடத்தை மீறல் என்று 2022-இல் மறுபடி சொன்னது. இதையெல்லாம் டாக்டரிடம் சண்டையாகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொல்லப் பழக வருஷங்கள் பிடிக்கும். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று குழந்தை கேட்கும். பண்ணக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்த தகவலைப் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சத்தியம் செய்துவிட்டு மறுநாள் போலீசோடு போய் நின்றால், அந்தக் குழந்தை பெரியவர்கள் யாரையும் இனி நம்பாது. “நான் சிலபேர்கிட்ட சொல்லியாகணும். யார் யார்னு உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்று வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். 2020 போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு நம்மைத் துணை நபராக நியமித்தாலும், இவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அதையும் நாமே சொல்ல வேண்டும். என்னை வேண்டாம் என்றவர்கள் உண்டு. வேறு ஆளை அனுப்பினோம்.

கோர்ட் வேலை தனி. சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே, கோர்ட் நடக்காத நேரத்தில் ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கூண்டு எங்கே, எதிரி எங்கே நிற்பான், எந்தக் கதவு வழியாக வருவான், டாய்லெட் எங்கே. வாய்தா தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாட்சியத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை பேசாதீர்கள்; அது அரசு வழக்கறிஞரின் (பி.பி.) வேலை. குறுக்கு விசாரணையில் “யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்பார்கள். “யாரும் சொல்லித் தரலைங்க” என்பது முழு உண்மையாக இருக்க வேண்டும். இடைக்கால இழப்பீட்டுக்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுப்போடலாம். பணம் வரும் பாஸ்புக் அவர் பேரில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மாடி அறையில் நாங்களும் எங்களிடம் வந்த பெண்களும் கூடுகிறோம். வெளியில் அதற்குப் பெயர் வயர்கூடை வகுப்பு. வீட்டில் ஏதாவது சொல்லிவிட்டுத்தானே வர வேண்டும்? ஏற்பாடு சிஸ்டரம்மாவுடையது. கை சும்மா இருந்தால் பேச்சு வராது, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தாலும் வராது என்பார். மடியில் கூடை இருந்தால் குனிந்தபடியே இருக்கலாம், பேசலாம், பேசாமலும் போகலாம். நெல்லிக்காய் முடிச்சு கொஞ்சம் சிக்கல். ஒன்றைத் தவறவிட்டால் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். புதிதாக வந்தவருக்கு அடிபோடச் சொல்லித் தருவது நான் அல்ல, இரண்டு மாதம் முன்னால் வந்தவர்.

சொந்தப் பேர் சொல்ல வேண்டியதில்லை. ஊர், சாதி கேட்கக் கூடாது. நடக்கிற வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. அப்புறம் என்னதான் பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? தூக்கம் பற்றி. குறிப்பிட்ட ஒரு தலைத்தைல வாசனை பஸ்சில் அடித்தால் பாதி வழியில் இறங்கிவிடுவது பற்றி. பெண் பார்க்க வருகிறவனிடம் சொல்வதா வேண்டாமா என்பது பற்றி. இதற்கு இரண்டு கட்சி உண்டு, சண்டையே நடக்கும். ஏன் கத்தவில்லை என்று அம்மாவே கேட்டது பற்றி. பயத்தில் உடம்பு உறைந்துபோகும், கை கால் வராது என்று நான் எத்தனை தரம் எடுத்துச் சொல்லியும் ஏறாதது, பக்கத்தில் இருப்பவர் முடிச்சிலிருந்து கண் எடுக்காமல் “எனக்கும் சத்தமே வரலைங்க” என்றதும் ஏறிவிடும். ஒருத்தர், மூன்று வருஷமாகக் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுத்தான் படுக்கிறேன் என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த, நான்கு கூட்டமாக வாயே திறக்காத பெண் நிமிர்ந்து, “நீங்களுமா?” என்றார். அன்று கூட்டம் முடிய இருட்டிவிட்டது.

கூட்டாக நிற்பது என்றால் எங்கள் பக்கத்தில் வாச்சாத்தியைச் சொல்வார்கள். 1992 ஜூனில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்த அந்த மலையடிவாரக் கிராமத்தில் பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. 2011 செப்டம்பரில் தருமபுரி கோர்ட், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். அந்தப் பெண்கள் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள், சேர்ந்து காத்திருந்தார்கள். ஊரே அடிபட்டதால் ஊருக்குள் ஒருத்தியை மட்டும் சுட்டிக்காட்ட விரல் இல்லை என்று நினைக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. பெரும்பாலும் சொந்தக்காரன், தெரிந்தவன், பக்கத்து வீட்டுக்காரன் செய்தது. அதனால் ஊர் அவன் பக்கம் நிற்கும். மாடி அறையில் கூடுகிற பதினைந்து இருபது பேர்தான் அவர்களுக்கு ஊர்.

கேமராவோடு சிலர் வந்து இந்தப் பெண்களைப் பேட்டி எடுக்கக் கேட்பதுண்டு. முகத்தை மறைத்துவிடுவோம் என்பார்கள். கம்மல், குரல், வாசல் திண்ணை போதும், தெருவே கண்டுபிடித்துவிடும். அடையாளம் வெளியாகும்படி போடுவது குற்றம் என்று சொல்லி, கீழேயே டீ கொடுத்து அனுப்பிவிடுவோம்.

ஒருநாள் கூட்டத்துக்கு ஒருவரின் வரவு நின்றுவிடும். கல்யாணம் ஆகியிருக்கும், திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், அல்லது எங்களைப் பார்ப்பதே பழசை ஞாபகப்படுத்துகிறது என்று நின்றிருப்பார். கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் கணவனோடும் குழந்தையோடும் எதிரே வந்தால் நீங்கள் முதலில் சிரிக்கக் கூடாது. அவர் சிரித்தால் சிரிக்கலாம். ‘இவங்க யாரு?’ என்று கணவர் கேட்டால் என்ன பதில் என்பதை வந்த புதிதிலேயே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பலபேர் ‘கூடை டீச்சர்’ என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால் கூடை பின்னவும் நன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள். சிலபேர் அங்கேயே நிறுத்தி முடிச்சில் சந்தேகம் கேட்பார்கள்.