இடுப்பு மட்டும் திரும்பலாமா?

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினாரே, அதை டி.வி.யில் பார்த்த கையோடு என் பெரியவள் ஸ்கூலில் ஈட்டி எறியப் பேர் கொடுத்துவிட்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி ஈட்டியும் வேலும்?" என்று மாமியார் முணுமுணுத்தார். நான்தான் அவளுக்குப் பரிந்து பேசினேன்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணுமில்லம்மா, சுளுக்கு." தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். மூன்று வாரமாகியும் பின்னால் வளைந்தால் முகம் சுளித்தாள். டாக்டரிடம் போன பிறகுதான் தெரிந்தது, சுளுக்கு இல்லை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை விரிசல்! வளரும் வயதில் ஈட்டி எறிபவர்களுக்கும் வேகப்பந்து வீசுபவர்களுக்கும் இது வருவதுண்டாம். முதுகைப் பின்னால் வளைத்துத் திருப்பும்போதெல்லாம் ஒரே இடத்தில் பாரம் விழுவதுதான் காரணம். மூன்று மாதம் விளையாட்டுக்கு லீவு.

"இனிமே ஈட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிஸியோதெரபி அம்மாதான் எனக்குப் புரியவைத்தார். "எறியறது கை மட்டும் இல்லீங்க. காலில பிறக்கிற வேகம் இடுப்பு, வயிறு, தோள் வழியா கைக்குப் போகுது. நடுவில வயிறும் விலாவும் பலமா இல்லேன்னா, அந்தச் சுமையைக் கீழ்முதுகும் தோளும் முழங்கையும் தாங்கணும்." கீழ்முதுகு கொஞ்சம்தான் திரும்புமாம். நன்றாகத் திரும்ப வேண்டியவை இடுப்பு மூட்டும் மேல்முதுகும்.

டாக்டர் சரி சொன்ன பிறகு பயிற்சி ஆரம்பித்தது. முதலில், திரும்பாமல் நிற்கப் பழக்கம். ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டைக்குப் பக்கவாட்டில் நின்று, அதை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். பட்டை இழுக்கும், உடம்பு அசையக் கூடாது. அடுத்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது. சில வாரம் கழித்துத்தான் கனமான பந்தை, காலும் இடுப்பும் சேர்ந்து திரும்பச் சுவரில் எறிவது. எல்லாமே இரண்டு பக்கமும். மூச்சை அடக்கக் கூடாது.

"அந்தக் காலத்துல நாங்க கர்லாக்கட்டை சுத்தினதும் இதுக்குத்தானே!" என்றார் மாமனார். கட்டை சுழற்றுவது 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்ஸிலேயே ஒரு போட்டியாக இருந்தது.

துணைக்கு நானும் செய்தேன். அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருகி மேடையில் வைப்பது என் இருபது வருஷப் பழக்கம்! இப்போது குடத்தை உடம்போடு அணைத்து, பாதத்தையும் சேர்த்தே திருப்புகிறேன்.

சகோதரிகளே, விளையாடும் குழந்தைக்கு இடுப்பு வலி இரண்டு வாரம் தாண்டினால் தைலத்தோடு நின்றுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

போன மாதம் அவள் மறுபடி ஈட்டியைக் கையில் எடுத்தாள். முன்பைவிடத் தூரம் குறைவுதான். ஓடி வந்து, "வலிக்கலம்மா!" என்றாள். எனக்கு அந்தத் தூரம் போதும்.